மெல்லச் செல்வதற்கென்று ஒரு பெட்டி

இலக்கிய நிகழ்ச்சியில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நமது பழம்புலவர்கள் வண்டியை அவ்வளவு அந்நியமாகக் கருதியவர்கள் அல்லர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஒளவையார் பொகுட்டெழினியைப் பாடுகையில், உப்பு விற்கச் செல்லும் உமணர் தமது வண்டியின் அடிமரத்தில் மேலதிகமாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவதை உவமையாக எடுத்தாள்கிறார். பாரமோ பெரிது; எருதுகளோ இளையவை; வழியில் பள்ளம் வருமா மேடு வருமா என்பதை யார் கண்டார்? ஆகவே அந்த இரண்டாவது அச்சு. மன்னனுக்கு ஒரு துணையைச் சொல்ல வந்த புலவருக்கு வண்டிக்காரனின் முன்யோசனை கைகொடுத்திருக்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு முன்யோசனையின் கதைதான். ஜீப், லாண்ட் றோவர் போன்ற வண்டிகளில் வழமையான கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறிய இரும்புப் பெட்டி இருக்கும். தெருவில் ஓடும்போது அதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. தெரு முடிந்து வழுக்குப் பாறையும் சேறும் தொடங்குமிடத்தில்தான் அதற்கு வேலை வரும். வண்டியின் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்து, இழுக்கும் வலுவை அதே அளவுக்குப் பெருக்கித் தருவது அதன் தொழில். வாகனம் என்றாலே வேகம் என்று எண்ணிய ஒரு நூற்றாண்டில், மெல்லச் செல்வதற்கென்று தனியாக ஒரு பெட்டி செய்து பூட்டினார்கள் என்பது சற்று நின்று யோசிக்கத்தக்க செய்தி.

தத்துவம் மிகப் பழையது. சிறிய பற்சில்லு ஒன்று பெரிய பற்சில்லு ஒன்றைச் சுழற்றுமானால், பெரியது மெல்லச் சுழலும். ஆனால் வலுவோடு சுழலும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோன் என்ற கிரேக்க அறிஞர், பற்சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஐந்து தாலந்து விசையால் ஆயிரம் தாலந்து பாரத்தை நகர்த்தும் ஒரு பொறியை விவரித்திருக்கிறார். இருநூறு மடங்கு! அவரது 'இயந்திரவியல்' என்ற நூலின் கிரேக்க மூலம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூக்கா செய்த அரபு மொழிபெயர்ப்பே அதனைக் காப்பாற்றித் தந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு உலகம் பட்டிருக்கும் கடன்களுள் இதுவும் ஒன்று. ஹெரோன் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்: விசையில் எவ்வளவு இலாபமோ காலத்தில் அவ்வளவு நட்டம். இருநூறு மடங்கு பாரத்தை அசைப்பவன் இருநூறு மடங்கு காத்திருக்க வேண்டும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

மோட்டார் வண்டிக்கு இது ஏன் தேவைப்பட்டது? மாட்டுக்கும் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். மாடு நின்ற நிலையிலேயே முழுப் பலத்தோடும் இழுக்கும். எரிபொருள் எஞ்சின் அப்படியன்று. அது நிமிடத்துக்குச் சில நூறு சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் உயிரோடிருக்கும். அதற்குக் கீழே போனால் இருமி நின்றுவிடும். மெல்லப் போக வேண்டுமானால் எஞ்சினை மெல்லச் சுழற்றி ஆகப்போவதில்லை. எஞ்சின் தன்போக்கில் வேகமாகச் சுழல, சில்லு மட்டும் மெல்லச் சுழல வேண்டும். இடையில் நின்று இதைச் சாதிப்பது பற்சில்லு.

நான்கு சில்லுகளையும் எஞ்சினால் இயக்கும் வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வந்துவிட்டன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கிளின்ரன்வில் என்ற சிற்றூரில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஒட்டோ சாக்கோவும் அவரது மைத்துனர் பெஸர்டிச்சும் செய்த வண்டிகள் அவற்றுள் புகழ் பெற்றவை. முதல் உலக யுத்தத்தில் அந்த நிறுவனத்தின் லொறிகள் ஏராளமாக ஓடின. ஆயினும் அவை பாரவண்டிகள். சிறியதோர் ஊர்தியில், நான்கு பேர் தூக்கி நிறுத்தக்கூடிய ஓர் ஊர்தியில், இந்த வித்தை முழுவதையும் அடக்கிய கதை 1940இல்தான் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜூனில் பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தது. யுத்தத்தில் இன்னும் இறங்காத அமெரிக்கா அவசரப்பட்டது. ஜூலை 11ஆம் திகதி அதன் இராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு சில்லும் இழுக்கும் சிறியதொரு வேவு வண்டி வேண்டும்; எடை 1300 இறாத்தலுக்கு மேற்படக்கூடாது; முதல் வண்டி 49 நாட்களில் வந்து சேர வேண்டும். நிபந்தனைகளுள் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. வண்டி மணிக்கு 50 மைல் ஓட வேண்டும் என்று கேட்டவர்கள், மணிக்கு மூன்று மைலிலும் அது ஓட வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று மைல் என்பது மனிதன் நடக்கும் வேகம். சுமை சுமந்து நடக்கும் சிப்பாயின் பக்கத்தில், எஞ்சின் கொதிக்காமல், அணைந்துவிடாமல் வண்டி கூடவே வர வேண்டும். அதற்காகவே இரண்டு வேகமுள்ள இடைப்பெட்டி ஒன்று வேண்டுமென்று எழுதினார்கள்.

135 பேரில் கேள்விமனுக் கொடுத்தவர்கள் இருவரே. ஒன்று, வில்லிஸ் ஓவர்லாண்ட். மற்றது, பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த பான்ரம் என்ற சிறு நிறுவனம். பிரித்தானிய ஒஸ்ரினின் சிறு கார்களை உரிமம் பெற்றுச் செய்துவந்த நிறுவனத்தின் வாரிசு அது. அப்போது ஏறக்குறைய மூடும் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. வரைபடம் வரைவதற்கே ஆளில்லை. டெற்றோயிற்றில் தனியாகத் தொழில் செய்துவந்த கார்ல் புரொப்ஸ்ற் என்ற பொறியியலாளரை வேண்டி அழைத்தார்கள். அவர் ஜூலை 17ஆம் திகதி வேலையைத் தொடங்கினார். கேள்விமனுவின் கடைசி நாள் 22. இடையிலிருந்த சில நாட்களில் முழு வண்டியும் தாளில் உருவாகிவிட்டது.

இந்த வேகத்துக்கு ஓர் இரகசியம் உண்டு. அவர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய முனையவில்லை. எஞ்சின் கொன்ரினென்ரல் நிறுவனத்தினுடையது. கியர் பெட்டி வோர்னர் நிறுவனத்தினுடையது. அச்சுகளும் இடைப்பெட்டியும் டொலிடோ நகரிலிருந்த ஸ்பைசர் நிறுவனத்திடமிருந்து வந்தன. அச்சுகூட ஸ்ருடிபேக்கர் கார் ஒன்றின் அச்சைத் திருத்தியதுதான். இருப்பதைச் சேர்த்து இல்லாததை ஆக்குவது. ஒரு நல்ல செய்யுளும் பெரும்பாலும் பழைய சொற்களால் ஆனதுதானே.

ஸ்பைசரைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கிளாரன்ஸ் ஸ்பைசர் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது ஒரு கார் செய்ய முற்பட்டார். அக்காலத்து வண்டிகளில் எஞ்சினின் சுழற்சியைச் சங்கிலிதான் சில்லுக்குக் கொண்டுசென்றது; சத்தம், அழுக்கு, அடிக்கடி அறுதல். அதற்குப் பதிலாக வளைந்து கொடுக்கும் மூட்டுகளோடு கூடிய சுழல்தண்டை வகுத்து 1903இல் காப்புரிமை பெற்றார். மேடுபள்ளத்தில் அச்சு ஏறியிறங்கினாலும் தண்டு சுழன்றுகொண்டேயிருக்கும். அந்த மூட்டு இல்லாமல் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரு பெட்டியிலிருந்து இயக்கும் எண்ணமே எழுந்திராது. அவர் 1939 நவம்பரில் காலமானார். தமது பெயர் பொறித்த பெட்டி உலகெங்கும் போகப்போவதைக் காண அவருக்கு ஓராண்டுகூடக் கிடைக்கவில்லை.

1940 செப்டெம்பர் 23, நாற்பத்தொன்பதாம் நாள். புரொப்ஸ்ற்றும் பான்ரம் தொழிற்சாலையின் ஹரல்ட் கிறிஸ்ற்றும் புத்தம் புதிய வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு பட்லரிலிருந்து பால்ற்றிமோர் அருகிலுள்ள ஹொலபேர்ட் முகாமுக்குப் புறப்பட்டார்கள். எஞ்சின் பழகாதது; ஆகவே முதலில் மெல்ல மெல்ல ஓட்டினார்கள். மாலை ஐந்து மணி கெடு. நாலரைக்கு வாசலில் நின்றார்கள். எடை நிபந்தனையைத் தாண்டியிருந்தது. ஆனால் வண்டி, கேட்டதையெல்லாம் செய்தது.

அடுத்து நடந்ததை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் சற்றுக் கசந்துபோகும். இவ்வளவு சிறிய தொழிற்சாலையால் இராணுவத்துக்கு வேண்டிய தொகையைச் செய்து கொடுக்க முடியாது என்று கருதிய அதிகாரிகள், பான்ரம் வண்டியைப் பார்வையிட வில்லிஸ், போர்ட் நிறுவனத்தாரை அனுமதித்தார்கள், வரைபடங்களையும் கொடுத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளும் போர்ட் ஏறத்தாழ 2,80,000 வண்டிகளும் செய்து முடித்தன. பான்ரம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பின்னர் அது ஜீப்பின் பின்னால் கொழுவும் இழுவைப் பெட்டிகளைச் செய்து காலம் தள்ளியது. நாமே ஜீப்பைப் படைத்தோம் என்று வில்லிஸ் விளம்பரம் செய்யவும் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு தலையிட்டது; 1948இல் அந்த உரிமைகோரல் தவறென்று தீர்ப்புக் கூறியது. ஆனாலும் 1950இல் 'ஜீப்' என்ற பெயர் வில்லிஸின் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. 1956இல் பான்ரம் முடிந்து போயிற்று. இராணுவத்தின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஒரு சிற்றூர்த் தொழிற்சாலை ஆறு லட்சம் வண்டி செய்திருக்க முடியாதுதான். ஆயினும் செய்தவன் பெயரையாவது மறக்காமல் இருந்திருக்கலாம்.

இனிப் பெட்டிக்குள் பார்ப்போம். வில்லிஸ் ஜீப்பில் இருந்தது ஸ்பைசரின் 18ஆம் இலக்க மாதிரி. வார்ப்பிரும்புக் கூடு. கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டின் வால் முனையில் ஒரு பற்சில்லு. அதற்குக் கீழே இடையாள் போல ஒரு இரட்டைப் பற்சில்லு. அதற்கும் அப்பால் வெளித்தண்டு. அதன்மேல் வழுக்கி நகரும் பற்சில்லு. அது ஒருபுறம் நகர்ந்தால் உள்ளே வந்த வேகமே வெளியே போகும். மறுபுறம் நகர்ந்தால் 1.97க்கு ஒன்று என்று குறையும். வெளித்தண்டு நடுவில் இல்லாமல் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. முன் அச்சுக்குப் போகும் சுழல்தண்டு எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் இடிக்காமல் பக்கமாகப் போகவேண்டுமல்லவா? அதற்காக. இந்த ஒதுக்கத்தால் நல்ல தெருவிலும் சுழற்சி பற்சில்லுகளைக் கடந்தே போயாக வேண்டும். பழைய ஜீப்பின் அந்த இடையறாத ரீங்காரம் அங்கிருந்துதான் வருகிறது.

கணக்குப் பார்க்க விரும்புவோருக்குச் சில இலக்கங்கள். முதலாம் கியரில் 2.665 மடங்கு குறையும். அச்சில் 4.88 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் பதின்மூன்று. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றும்போது, 28 அங்குல விட்டமுள்ள ரயரோடு வண்டி மணிக்கு ஆறு மைலுக்கு மேல் ஓடும். சிப்பாய் ஓடித்தான் பிடிக்க வேண்டும். அல்லது சாரதி கிளச்சை அரைகுறையாக மிதித்து அதைக் கருக்க வேண்டும். இப்போது இடைப்பெட்டியின் 1.97ஐயும் பெருக்குங்கள். ஏறத்தாழ 25.6 ஆகிறது. வேகம் மணிக்கு மூன்று மைலை ஒட்டி வந்து நிற்கிறது. கடிதத்தில் கேட்ட அதே மூன்று மைல்! இரண்டு பெட்டிகளைத் தொடராகப் பூட்டினால் அவற்றின் விகிதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. மூன்று கியருள்ள வண்டி ஆறு கியருள்ள வண்டியாகிவிடுகிறது. பெரியதொரு முதலாம் கியரைச் செய்யாமல் தனிப்பெட்டி செய்ததன் சூட்சுமம் இதுதான்.

வலுவைப் பெருக்குவதில் ஆபத்தும் உண்டு. பெருகிய வலு முழுவதும் பின் அச்சில் மட்டும் இறங்கினால் அச்சு தாங்காது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்தும். ஆகவே முன் அச்சையும் இணைத்த பின்னரன்றி மெல்வேகத்துக்கு மாற்ற முடியாதபடி பெட்டிக்குள் ஒரு தடுப்பு வைத்தார்கள். இரட்டைப் பற்சில்லைத் தாங்கும் தண்டுதான் இந்தப் பெட்டியின் பலவீனம். தொடக்கத்தில் அதன் தடிப்பு முக்கால் அங்குலம். தேய்ந்து தேய்ந்து, பிந்திய மாதிரிகளில் ஒன்றேகால் அங்குலம் வரை தடிக்க வைத்தார்கள். பாடம் படித்த விலை அந்த அரை அங்குலம்.

யுத்தம் முடிந்ததும் வண்டி வயலுக்கு வந்தது. 1945இல் வெளிவந்த குடிமக்கள் ஜீப்பில் இடைப்பெட்டியின் விகிதம் 2.43 ஆயிற்று, அச்சின் விகிதம் 5.38. கலப்பை சிப்பாயைவிட மெல்லப் போகிறது என்பதே காரணம். ஜேர்மனியில் அல்பேர்ட் பிரீட்ரிக் வகுத்த 'உனிமோக்' வண்டி மணிக்கு மூன்று கிலோமீற்றர் முதல் ஐம்பது வரை ஓடுமாறு அமைந்தது. அதன் சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்கு அளந்து வைத்தார்கள். அதில் ஒவ்வொரு சில்லின் குடத்திலும் ஒரு குறைப்புப் பற்சில்லு இருந்தது. இங்கிலாந்தில் றோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், அங்கிள்சி தீவிலிருந்த தமது நிலத்தில் ஒரு யுத்தகால ஜீப்பை வைத்திருந்தார். அது பழுதானால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே லாண்ட் றோவர். முதல் மாதிரி ஜீப்பின் அடித்தளத்தின்மீதே எழுந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது.

நமது நாட்டுக்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தபோது ஜீப்புகளும் கூடவே வந்தன. பின்னாளில் தேயிலைத் தோட்டங்களில் லாண்ட் றோவர் இல்லாத இடமில்லை என்னும்படி ஆயிற்று.

எனது முதல் நியமனம் மலையகத்துப் பாடசாலை ஒன்றில். ஒரு மழைநாளில் தோட்டத்துப் பழைய லாண்ட் றோவர் ஒன்றில் கீழே வர நேர்ந்தது. செங்குத்தான மண்பாதை, ஒருபுறம் பள்ளம். இறங்கத் தொடங்குமுன் சாரதி வண்டியை நிறுத்தி, சிவப்புத் தலையுள்ள லீவரைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு அவரது கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை. எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியது. எனக்கோ நெஞ்சு படபடத்தது. "அண்ணே, பிரேக் போடாமலா இறங்கப் போறியள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பிரேக்க நம்பி இறங்கினா ஒரேயடியா இறங்கிருவோம், சேர்" என்றார்.

ஏறுவதற்காக என்று நான் எண்ணியிருந்த பெட்டி இறங்குவதற்கே அதிகம் வேண்டியது என்பதை அன்று அறிந்தேன். சேற்றில் பிரேக் மிதித்தால் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கும். பற்சில்லு அப்படிச் செய்யாது. சில்லைச் சுழலவிட்டபடியே அதன் வேகத்தை எஞ்சினோடு கட்டிப்போடும்.

இந்தப் பெட்டியைத் தாமே கட்டுபவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் றூபிகன் பாறைவழியில் ஓட்டும் ஆர்வலர்கள், டொயோட்டா வண்டியின் இடைப்பெட்டியில் குறைப்புப் பகுதி தனியே கழன்று வருவதைக் கவனித்தார்கள். இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய குறைப்புப் பகுதியை, இடையில் ஒரு தட்டுக் கடைந்து, முதலாவதன் முன்னால் பூட்டினார்கள். ஒன்றின் விகிதம் 2.28. இரண்டும் சேர்ந்தால் 5.2. பழைய இரும்பிலிருந்து நத்தையின் நடை! இதைப் பார்த்தோ என்னவோ, ஜீப் நிறுவனமே 2003ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட 'றூபிகன்' வண்டியில் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தைத் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுத்தது.

பெட்டியே வேண்டாம் என்றவர்களும் வந்தார்கள். அதுவும் லாண்ட் றோவரிலிருந்தே. 1997இல் வெளிவந்த 'பிரீலாண்டர்' வண்டியில் மெல்வேகப் பெட்டி கிடையாது. சரிவில் இறங்கும்போது கணினி தானாகவே பிரேக்கைத் தட்டித் தட்டி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருந்தது. பாரம் குறைந்தது, விலை குறைந்தது. தோட்டத்துச் சாரதி அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்கத் துணியமாட்டேன்.

மின்சார வண்டிகள் வந்தபின் இந்தப் பெட்டிக்கு முடிவு வந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். மின்மோட்டார் மாட்டைப் போல நின்ற நிலையிலேயே முழு வலுவோடு இழுக்க வல்லது. ஆனால் 2024இல் மெர்சிடிஸ் நிறுவனம் தனது 'ஜி' வகை வண்டியை மின்சாரத்துக்கு மாற்றியபோது, சில்லுக்கு ஒன்றாக நான்கு மோட்டார்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேகமுள்ள ஒரு சிறு பெட்டியையும் வைத்தது. அதன் மெல்வேக விகிதம் இரண்டுக்கு ஒன்று. வில்லிஸ் ஜீப்பில் அது 1.97 ஆக இருந்தது.